எட்டுப் பாட்டும் இந்துப்ரியாவுடையது

மதுரைக் கல்லூரி விழாக்களில் ஒரு காலத்தில் இந்துப்ரியா மைக்கைப் பிடித்தால் கடைசி வரிசைப் பயல்கள்கூட எழுந்து நின்று ஆடுவார்கள். ஆனால் அந்த ராக் பேண்டில் அவளுக்கென்று இருந்தது தொண்டை மட்டும்தான். எந்தப் பாட்டு, எந்த வேகம், யார் எங்கே நிற்பது, எல்லாவற்றிலும் கிடார் வாசித்த ஸ்ரீனிவாஸ் வைத்ததுதான் சட்டம். அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் பேண்டு கலைந்தது. இந்துப்ரியா விளாங்குடியில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தான் பாடகி என்று அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, தன் பேரில் தன் இஷ்டத்துக்கு ஒரு ஆல்பம் போடக் கிளம்பினாள். அடக்கி வைத்த ஆசை ஒரே பக்கமாகவா பாயும்? ஒரு பாட்டில் கிடார் அலறியது. ஒன்றில் பரவை முத்திருளனின் தவில். ஒன்று வெறும் தாலாட்டு. ஒன்றுக்குத் தோழி சாதிகா உருதுவில் வரிகள் எழுதிக் கொடுத்தாள்.

பழங்காநத்தத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் செல்வக்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, எட்டுப் பாட்டையும் எட்டுப் பேரு பாடுன மாதிரி இருக்கு. ராக்கை மட்டும் வச்சுக்கிருவமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பயம் அவளுக்குள்ளேயும் இருந்ததுதான். இங்கேயும் இன்னொருத்தர் சொல்வதைக் கேட்டுப் பாடுவதற்கு, பேசாமல் கடையிலேயே இருந்திருக்கலாம்.

அந்தக் கோபத்தோடேயே ராக் பாட்டை மறுபடி பதிவு செய்ய நின்றாள். மதுரையில் அவளுடையதைப் போன்ற சௌராஷ்ட்ரக் குடும்பங்களில் வீட்டுக்குள் தங்கள் மொழி, வாசலைத் தாண்டினால் தமிழ். என்னதான் இங்கிலீஷில் படித்தாலும், அவசரத்தில் எண்ணும்போது மட்டும் வீட்டு மொழி முந்திக்கொள்ளும். பேண்டில் அவள் அப்படி எண்ணிவிட்டால் ஸ்ரீனிவாஸுக்கு மானமே போய்விடும். இத்தனைக்கும் அவனும் சௌராஷ்ட்ரக்காரன்தான். இன்று, டிரம்ஸ் தொடங்குவதற்காக நாலு வரை எண்ணவேண்டிய இடத்தில், மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் அதே வேகத்தில் சௌராஷ்ட்ர எண்களே வந்து விழுந்தன. டிரம்ஸும் பிசகாமல் சேர்ந்துகொண்டது.

முன்னால் இருக்கும் எண்ணிக்கையை வெட்டிவிடுகிறேன் என்றான் செல்வக்குமார். அவள் அதைத் திரும்பப் போடச் சொன்னாள். பாட்டுக்கு முன்னால், யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாத அவளுடைய சொந்தக் குரல் கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வெட்டாத தம்பி. எட்டுப் பாட்டுக்கும் முன்னால இப்பிடியே எண்ணிட்டு வாரேன். ஒண்ணையும் எடுக்கக் கூடாது."

தாலாட்டுக்கு மெதுவாக எண்ணினாள், தவிலுக்கு அதட்டி எண்ணினாள். கடைசியில் எட்டையும் வரிசையாகக் கேட்ட செல்வக்குமார், இப்போது ஒரே ஆள் பாடியது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் என்று ஒப்புக்கொண்டான்.

ஆல்பம் வெளியான வாரம் ஸ்ரீனிவாஸ் கூப்பிட்டான். பழைய வழக்கப்படி இங்கிலீஷில் ஆரம்பித்தவன், பாதியில் சௌராஷ்ட்ரத்துக்கு மாறினான். அவள் இவற்றை மேடையில் பாடும்போது தானும் வந்து கிடார் வாசிக்கலாமா, எந்தப் பாட்டுக்கு வாசிக்கட்டும் என்று கேட்டான். எந்தப் பாட்டு என்று அவன் அவளிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்துப்ரியாவுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. குரலில் மட்டும் அதைக் காட்டவில்லை.

தங்கள் மொழியிலேயே பதில் சொன்னாள்: "ஒத்திகைக்கு வா, ஸ்ரீனி. வாசிச்சுக் காட்டு. கேட்டுட்டுச் சொல்றேன்."