புஷ்பமேரியின் செப்டம்பர் கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவனுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. ஆறேழு வருடமாக வந்துகொண்டே இருந்தது. அதற்குக் காரணம் ஒரே ஆள். பெயர் புஷ்பமேரி.

போடிமெட்டிலிருந்து பூப்பாறைக்குப் போகிற வழியில், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்கள் முடிகிற இடத்தில் என் கடை இருக்கிறது. துணிமணி, செருப்பு, வளையல், காகித நட்சத்திரம் எல்லாம் உண்டு. எதிரே பஸ் நிறுத்தம். கொஞ்சம் மேட்டில் மாதா கோயில். லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். இப்படிப்பட்ட இடத்தில் கடை போட்டவன் டிசம்பரை நம்பித்தானே மற்ற பதினொரு மாதமும் ஷட்டரைத் தூக்குவான்?

புஷ்பமேரிக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். ஏலக்காய் எடுக்கிற வேலை. கணவர் சுவக்கீன் அதே எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கிறார். வாயில்லாப் பூச்சி. இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். மகள் அஞ்சு, மகன் ஜின்சன். ஒரு துணியின் விலையை நான் சொல்லி முடிக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து, அதில் எனக்கு எவ்வளவு நிற்கும் என்று கண்டுபிடித்துவிடுவாள். இப்படி ஒருத்தி வாடிக்கையாக வந்தால் எந்த வியாபாரிக்குத்தான் தூக்கம் வரும்?

ஆனால் ஒரு காலத்தில் அவளும் எல்லோரையும் போலத்தான் இருந்தாள். கேரளப் பக்கம் என்பதால் எங்கள் எஸ்டேட்டில் போனஸ் ஓணத்துக்கு முன்னால் வந்துவிடும். கிறிஸ்துமஸ் வருவதற்கு அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பணம் போன வழி தெரியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் புஷ்பமேரி முந்திக்கொண்டாள். செப்டம்பரிலேயே என் கடைக்கு வந்து நான்கு பேருக்கும் துணி எடுத்தாள். "டிசம்பர்ல நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன் அண்ணாச்சி, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

டிசம்பர் வந்தது. கோயிலில் பஜனைக்கு ஆட்கள் மேளம் தட்டிப் பழக ஆரம்பித்தார்கள். நான் கடை வாசலில் நட்சத்திரங்களைத் தொங்கவிட்டேன். இருபதாம் தேதி சாயங்காலம் புஷ்பமேரி பிள்ளைகளோடு வந்து நின்றாள். விஷயம் இதுதான். செப்டம்பரில் எடுத்த துணியைப் பிள்ளைகள் தினமும் பெட்டியைத் திறந்து போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் அது வீட்டுத் துணி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மொடமொடவென்று புதுத்துணியோடு திரியும்போது இவர்களுக்கு அழுகை. சரி, ஆளுக்கு ஒன்று மட்டும் என்று ஆரம்பித்து, மறுபடியும் நான்கு பேருக்கும் எடுத்தாள். அஞ்சுவுக்குக் கல் பதித்த வெள்ளிநிறச் செருப்பு வேறு. அப்போது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு. செருப்பைக் கையில் வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, செருப்ப மோந்து பாக்குற?" என்று நான் கேட்டேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரே வருடத்தில் ஒரே வீட்டுக்கு இரண்டு கிறிஸ்துமஸ் விற்றவன் சிரிக்காமல் என்ன செய்வான்?

அடுத்த வருடத்திலிருந்து அவள் என் கடைப் படி ஏறவில்லை. செப்டம்பரில், ஆடித் தள்ளுபடியின் மிச்சம் தீர்ந்தும் தீபாவளிச் சரக்கு இறங்காமலும் கடைகளில் கூட்டமில்லாமல் விலை படிகிற ஒரு வாரம் இருக்கிறதே, அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப்பைப் பிடித்து ஏழெட்டுப் பெண்களோடு மலைக்குக் கீழே போடிக்கு இறங்கிவிடுவாள். ஏன் இப்படி என்று நான் ஒருதரம் வாய்விட்டே கேட்டேன்.

"ஒங்க கட தண்ணி எடுக்கப் போற வழியில இருக்கு அண்ணாச்சி. போறப்பவும் வர்றப்பவும் ஏதாச்சும் ஒன்னு வாங்கத் தோணுது. போடிக்கு நெனச்சப்பல்லாம் போக முடியாதுல்ல. போனமா, வாங்குனமா, முடிஞ்சதா, அம்புட்டுத்தான்."

அந்த ஜீப்புக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் வளைவு தாண்டியதும் ஒவ்வொருத்தியும் தன் மணிபர்ஸைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட வேண்டும். போடிக் கடையில் எது எடுத்தாலும் அவளிடம் கேட்டுத்தான் பணம் வாங்க வேண்டும். எதற்கு, யாருக்கு, வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதா என்று அவள் கேட்பாள். "வாய்விட்டுக் கேக்கறப்பவே பாதி ஆச போயிரும்" என்பது புஷ்பமேரியின் கண்டுபிடிப்பு. வாங்கியதையெல்லாம் சாக்கில் போட்டு, ஏலக்காய் மூட்டை தைக்கிற கோணி ஊசியால் வாயைத் தைத்துவிடுவார்கள். அந்தச் சாக்கு அவரவர் வீட்டில் இருக்கக் கூடாது. வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதிதான் பிரிப்பு. அதுவரை யார் கண்ணிலும் படாததால் அது புதுத்துணியாகவே இருக்கும். முதல் வருடம் ஒரு ஜீப், போன வருடம் மூன்று. என் டிசம்பர் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இந்த வருடம் அக்டோபரில் நான் ஒரு வேலை செய்தேன். கோயில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி நிமி டீச்சர். நல்லவர், வெள்ளை மனசு. அவரிடம் போய், "கோயிலுக்கு அம்பதாவது வருசம் டீச்சர். கிறிஸ்துமஸ் பூசைக்கு எல்லா வீட்டுலயும் ஒரே நிறத்துல உடுத்தி வந்தா எப்பிடி இருக்கும்? பொம்பளைகளுக்குச் சேலை, ஆம்பளைகளுக்குச் சட்ட, எல்லாம் மெரூன். கிறிஸ்துமஸ் குடிலுக்கு லைட்டு என் செலவு" என்றேன். டீச்சர் கண் மின்னியது. வீட்டுக்கு நாலாயிரம் வரும். நான் அன்றைக்கே மதுரைக்குப் போன் போட்டு அறுபது சேலையும் ஒரு கட்டுச் சட்டைத் துணியும் இறக்கிவிட்டேன். திருப்பி எடுக்க மாட்டோம் என்ற ஒப்பந்தத்தில்தான் அந்த விலைக்குக் கிடைத்தது. செப்டம்பர்ச் சாக்கை இனி என்ன செய்வாய் புஷ்பமேரி என்று எனக்குள் ஒரே குஷி.

நவம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சங்கக் கூட்டம். மாதிரிக்கு ஒரு சேலையோடு நானும் ஓரமாக நின்றேன். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் பெண்களிடம் ஒரு சலசலப்பு. ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் வசதி இல்லை என்று நினைப்பார்களே என்ற பயம். நான் நம்பியிருந்ததும் அதைத்தான். இரண்டு பேர் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்க்கவே தொடங்கிவிட்டார்கள்.

புஷ்பமேரி எழுந்தாள்.

"டீச்சர், நிறம் நல்லாத்தான் இருக்கு. அண்ணாச்சி சரக்க கொற சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்டுக்கு கிறிஸ்துமஸ் வந்து மூணு மாசம் ஆச்சு. இன்னொன்னு வாங்க மாட்டேன்."

"கோயிலுக்காகத்தானே புஷ்பம், ஒரு வருசம்..." என்றார் டீச்சர்.

"எம்மக அஞ்சு ஜனவரி அஞ்சாம் தேதி எர்ணாகுளத்துல லேப் படிப்புக்குச் சேரணும் டீச்சர். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டுனாத்தான் கட்டில். பதினஞ்சாயிரம் சேத்து வச்சிருக்கேன். அதுல நாலாயிரம் எடுத்தா அவ போக முடியாது. ஒரு தடவ நான் அப்பிடி எடுத்திருக்கேன். அஞ்சு ஆறாங்கிளாஸ் படிக்கையில, ஸ்கூல்ல கண்ணு டெஸ்ட் பண்ணி, கண்ணாடி போடணும்னு எழுதிக் குடுத்தாங்க. கிறிஸ்துமஸ் முடியட்டும்னேன். அந்த வருசம் நான் ரெண்டு கிறிஸ்துமஸ் வாங்குனேன். கண்ணாடி வாங்கல. ஈஸ்டர் வரைக்கும் எம்பிள்ள போர்டு தெரியாம, பக்கத்துப் பிள்ளையப் பாத்து எழுதி, கணக்குல முட்ட வாங்குனா. வாத்தியார் காப்பியடிக்கிறியான்னு அடிச்சாரு. அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அதான் டீச்சர் இன்னும் வலிக்குது."

எனக்கு அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாளே, மோந்து பார்க்கவா கொண்டுபோனாள்? கல் பதித்திருப்பது தெரியவில்லை அந்தப் பிள்ளைக்கு. நான் கடை நிறைய ஆள் வைத்துக்கொண்டு சிரித்தேன். கையில் இருந்த மெரூன் சேலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

புஷ்பமேரி அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. அடுத்த மூச்சிலேயே குரலை உயர்த்தினாள்.

"ஒரே நிறம்தான வேணும்? மாதாவுக்கு நீலம். நீலத்துல ஒரு சேல, ஒரு சட்ட இல்லாத வீடு நம்ம லயத்துல இருக்கா? இல்லாதவங்க கையத் தூக்குங்க. எங்கிட்ட ரெண்டு சேல இருக்கு, ஒன்னு தர்றேன்."

இரண்டு கைதான் உயர்ந்தது. முந்தானையை அவிழ்த்தவர்கள் திரும்ப முடிந்துகொண்டார்கள். நிமி டீச்சர் சிரித்துக்கொண்டே, "எனக்கே மூணு நீலம் இருக்கு" என்றார். கூட்டம் முடிந்தது. அறுபது சேலையோடு நான் மட்டும் மிச்சம்.

வீட்டுக்கு வந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளறையில் மூலையில் கிடந்த சாக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க, எந்திரிங்க, அது கசங்கிப் போயிரும்" என்று என் மனைவி முருகேஸ்வரி ஓடி வந்தாள்.

"என்னா அது? பழைய பஞ்சுன்னு சொன்ன?"

"புஷ்பத்தோட கிறிஸ்துமஸ்."

அப்போதுதான் அந்த மூலையைச் சரியாகப் பார்த்தேன். ஒன்றில்லை, ஆறு சாக்கு. என் வியாபாரத்தைக் கெடுத்த சரக்கு ஆறு வருடமாக என் வீட்டிலேயே இருந்திருக்கிறது! அது மட்டுமா, முருகேஸ்வரியும் வருடா வருடம் அந்த ஜீப்பில் போயிருக்கிறாள். புஷ்பமேரியின் மணிபர்ஸ் இவள் கையில்தான் இருக்குமாம். தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னதெல்லாம் போடிப் பயணம்.

"அந்தக் கண்ணாடி விஷயம் ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அந்த ஈஸ்டருக்கு இங்க வந்துதான் அழுதா. இனிமே வாங்குறத வீட்டுல வச்சா பிள்ளைக பிரிச்சிரும்னா. எங்கிட்டக் குடு, நான் வச்சிருக்கேன்னு சொன்னேன். நம்ம வீடு ஜவுளிக்கட, இங்க எவன் தேடப் போறான்?"

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். பிறகு எழுந்து, கசங்கிய சாக்கைத் தட்டி நேராக்கி வைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று குடிலுக்கு லைட் போட்டவன் என்ற உரிமையில் நானும் கோயிலுக்குப் போனேன். வான நீலம், மயில் கழுத்து, வெளுத்துப்போன யூனிபார்ம் நீலம், சுவக்கீனின் கல்யாணச் சட்டை நீலம் என்று கோயில் நிறைந்திருந்தது. புஷ்பமேரி முதல் வரிசையில் பெரிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். செப்டம்பர்த் துணியைப் பிள்ளைகள் பூசை முடிந்து வந்து உடுத்திக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, சொல்வதற்கென்ன.

மறுநாள் காலை கடையைத் திறந்தால் வாசலில் இருபது பெண்கள். நடுவில் புஷ்பமேரி.

"அந்த மெரூன் சேலைய எடுங்க அண்ணாச்சி. அடுத்த கிறிஸ்துமஸுக்கு யூனிபார்ம். டீச்சர்கிட்டப் பேசியாச்சு."

"இன்னும் முன்னூத்தி அறுவத்திநாலு நாள் கெடக்கேம்மா!"

"அதனாலதான் வெல கொறையும். எம்புட்டு?"

பார்த்தவுடனே அடக்க விலைக்குக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். பழக்க தோஷம், வாய் "ஆயிரத்து நூறு" என்றது.

"எழுநூத்தி எம்பதுக்குத்தான ஒங்களுக்கு வந்துச்சு?"

நான் முருகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் இல்லாத ஒட்டடையை அடித்துக்கொண்டிருந்தாள். சரி என்றேன். சொன்ன பிறகு மனசு லேசானது. அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து எடுத்ததில் ஒரு மணி நேரத்தில் நாற்பது சேலையும் சட்டைத் துணியும் போய்விட்டன. புஷ்பமேரியும் ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு முருகேஸ்வரியிடம் கை நீட்டினாள். பர்ஸ் இன்னும் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

"எதுக்கு?" என்றாள் முருகேஸ்வரி.

"சேலைக்குத்தான்."

"அஞ்சு போயிச் சேரட்டும். அதுவரைக்கும் தர மாட்டேன்."

கட்டிய கணவனுக்கு வருகிற வியாபாரத்தை ஒருத்தி இப்படித் தடுப்பாளா? புஷ்பமேரி அரை நொடி முறைத்தாள். பிறகு சேலையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். தான் போட்ட சட்டத்துக்குத் தானே கட்டுப்படுவதில் அவளுக்கு அத்தனை பெருமை.

அன்று மத்தியானம் மிச்சமிருந்த சேலைகளில் ஒட்டியிருந்த ஆயிரத்து நானூற்று ஐம்பது என்ற சீட்டுகளைக் கிழித்துவிட்டு, எழுநூற்று எண்பது என்று சின்னதாக எழுதி ஒட்டினேன். ஒன்றைக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டேன்.

ஜனவரி நான்காம் தேதி காலையில் அஞ்சு பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். சுவக்கீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலப் பேசாமல் நின்றார். புஷ்பமேரி இரண்டு பேருக்கும் சேர்த்துப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அடிமாலி பஸ் வந்தது; அங்கே மாறித்தான் எர்ணாகுளம் போக வேண்டும். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அம்மாவின் முந்தானையிலேயே துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி என் அலமாரியைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அது எழுநூத்தி எம்பதா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"அங்கயிருந்து தெரியுதா பாப்பா?"

"நல்லாத் தெரியுது! அம்மா, வெல நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப எடுக்காத, செப்டம்பர்ல நான் வந்து எடுத்துத் தர்றேன்."

பஸ் கிளம்பியது. புஷ்பமேரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் அந்தச் சேலையை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு சாக்கில் போட்டு, முருகேஸ்வரியிடம் கோணி ஊசி கேட்டேன்.