பத்மநாதன் மேலே, பஸ்ரியன் கீழே

கனடாவில், ஸ்காபரோவில் கார் ஓட்டப் பழகிய தமிழர்களில் பாதிப்பேர் கார் பழக்குகிற பத்மநாதனிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான். சந்தியில் தடுமாறுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "யோசிக்கிறதெண்டால் வீட்டிலை இருந்து யோசி, றோட்டிலை முடிவெடு" என்பார். அப்பேர்ப்பட்ட மனிசன் இப்போது அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், இரண்டு செம்பாறைகளுக்கு நடுவே, நெஞ்சளவு தண்ணீரில் பல் கிடுகிடுக்க நின்றார். பக்கத்தில் அதே தண்ணீரில் அவருடைய இருபது வருடச் சிநேகிதன் பஸ்ரியன்.

அவர் அந்தப் பயணத்துக்கு வந்ததே பஸ்ரியனிடம் ஒரு விசயம் சொல்லத்தான். மகள் துர்க்காவும் பஸ்ரியனின் மகன் மாக்கசும் கல்யாணம் செய்ய விரும்பினார்கள். பத்மநாதன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தனக்கு ஒன்றுமில்லை, ஆக்கள் என்ன சொல்லுவார்கள் என்றுதான் பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்லி வைத்தார். பஸ்ரியன் வேதக்காரர், கிறிஸ்தவர் என்பது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே கிடந்தது சாதி. அந்தச் சொல்லைக் கனடாவுக்கு வந்த நாள்தொட்டு அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் வரும்போது மடியில் முடிந்துகொண்டு வந்து, இத்தனை குளிரிலும் பனியிலும் பத்திரமாக வைத்திருந்தார். மச்சான், மச்சான் என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆளைச் சம்பந்தியாக்க மட்டும் மனம் வரவில்லை. 

துர்க்கா கெட்டிக்காரி. அழவுமில்லை, கதவை அடித்துச் சாத்தவுமில்லை. "பஸ்ரியன் அங்கிளின்ரை முகத்தைப் பாத்து நீங்களே சொல்லுங்கோ, அப்பா. ஏனெண்டும் சொல்லுங்கோ. சொன்னால் நான் விட்டிடுறன்" என்றாள். இதிலே என்ன கஷ்டம் என்று அவரும் சம்மதித்துவிட்டார்.

கஷ்டம் பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பட்மின்ரன் முடிந்து சொல்லலாம் என்று போவார். பஸ்ரியன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார், இவர் மட்டையை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விடுவார். ஒருநாள் அஜின்கோர்ட்டில் கோப்பிக்கடையொன்றில் வாயைத் திறந்தேவிட்டார். நல்ல காலம், போன் அடித்தது. எழும்பி வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. மனைவி ரதி இரவில் ஒன்றும் கேட்கமாட்டாள். சொல்லிவிட்டீர்களா என்று அவள் பார்க்கிற பார்வையே போதும். வீட்டிலும் இருக்க முடியாமல், வெளியிலும் நிற்க முடியாமல் அந்தப் பனிக்காலம் முழுக்க மனிசன் படாத பாடு பட்டார்.

அப்போதுதான் கோணேஸ்வரனுக்குப் பாறை ஏறுகிற பைத்தியம் பிடித்தது. அவர் இவர்களுடைய மூன்றாவது கூட்டாளி, திருகோணமலைக்காரர். இரண்டு பேரையும் உள்ளரங்கில் சுவர் ஏறப் பழக்கி, கடைசியில் யூட்டாவுக்கும் இழுத்துக்கொண்டு போனார். பாலைவனத்தில் யார் இருக்கிறார்கள், அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று பத்மநாதன் நினைத்தார். ஒரு பாறை இடுக்குக்குள் கயிறு போட்டு இறங்கவேண்டிய அன்று காலை கோணேஸ்வரனுக்கு வயிற்றைக் கலக்கியது. நீங்கள் இரண்டு பேரும் மேலாலே இறங்கி வாருங்கள், நான் வான் வண்டியோடு இடுக்கின் கீழ்வாசலில் நிற்கிறேன் என்றார். மூன்று பேர் போகவேண்டிய இடம் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. வீரம் கூடிப்போனால் இப்படித்தான்.

அந்த விளையாட்டில் ஒரு பொல்லாத விதி உண்டு. கயிற்றில் இறங்கியதும் கீழே நின்று அதை உருவி எடுத்துவிட வேண்டும், அடுத்த இறக்கத்துக்கு அது தேவை. உருவினால் வந்த வழி அடைபட்டுப் போகும். பத்மநாதன் கயிற்றை இழுத்தார். அது சரசரவென்று வந்து காலடியில் விழுந்தது.

இடுக்கு போகப் போக ஒடுங்கியது. ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில்தான் நகரலாம். வானம் மேலே ஒரு நாடா அளவுக்குத் தெரிந்தது. சொல்லுவதென்றால் பஸ்ரியனின் முதுகுக்குத்தான் சொல்ல வேண்டும், மகளோ முகத்தைப் பார்த்து என்று சொல்லியிருந்தாள். இப்படி அவர் மனதுக்குள் வழக்காடிக்கொண்டு வந்தபோதே இரண்டு பேரும் வழுக்கிக்கொண்டு போய் அந்தக் கிடங்குக்குள் விழுந்தார்கள்.

மழைத்தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்த ஆழக்குழி அது. சுற்றிவரச் சுவர் வழுவழுவென்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. விளிம்பு கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வெயில் படாத தண்ணீர் எலும்பைத் தின்றது. பத்மநாதன் கத்திப் பார்த்தார். கோணேஸ்வரனுக்கு எங்கே கேட்கப்போகிறது?

ஒருவர் மற்றவரின் தோளில் ஏற வேண்டும், வேறு வழியில்லை. பத்மநாதன் முந்திக்கொண்டு தன் தோளைக் கொடுத்தார். பஸ்ரியன் பாரமான ஆள். இரண்டு பேரும் தண்ணீருக்குள் மூழ்கி எழும்பினார்கள். பிறகு பஸ்ரியன் சுவரோடு சாய்ந்து நின்று, ஏறு என்றார். பத்மநாதன் அசையவில்லை. இந்த மனிசனிடம் எதைச் சொல்ல வந்தோம் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவன் தோளில் கால் வைப்பதா? வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து தண்ணீருக்குள் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றப் போனார்.

"சப்பாத்தைக் கழட்டாதை மச்சான். நான் என்ன கோயிலே? ஏறு."

ஏறினார். பஸ்ரியன் இரண்டு கணுக்காலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளிம்பில் கை பட்டது. நெஞ்சு தேய, முழங்கை தேய எப்படியோ மேலே உருண்டுவிட்டார். அப்பால் சுவர்களுக்கிடையே இறுகிக் கிடந்த பாறாங்கல்லில், தோளில் மாட்டியிருந்த கயிற்றைக் கட்டி, பிடித்து ஏற முடிச்சுகள் போட்டு இறக்கினார்.

பஸ்ரியன் கயிற்றைப் பிடித்தார். ஏறவில்லை.

பத்மநாதன் எட்டிப் பார்த்தார். கீழேயிருந்து அந்த முகம் நேரே அவரைப் பார்த்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீ என்னவோ சொல்லத்தான் வந்தனி. மாக்கஸ் எல்லாம் சொன்னவன். ஸ்காபரோவிலை கேட்டால் போன் எண்டு எழும்பிப் போயிடுவாய். இப்ப சொல்லு. ஏன் வேண்டாம்?"

முதலில் ஏறு, விறைத்துப்போவாய், மேலே வந்து கதைப்போம் என்று பத்மநாதன் கெஞ்சினார். பஸ்ரியன் தலையை ஆட்டினார். நடுக்கத்தில் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது. தப்பியவர் மேலே நின்றவர், ஆனால் அகப்பட்டுக்கொண்டவரும் அவர்தான். பின்னால் பாறை, முன்னால் கிடங்கு. எழும்பிப் போக அங்கே ஓர் அடி இடம் இல்லை.

"ஆக்கள் என்ன சொல்லுவினம் மச்சான்" என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"எந்த ஆக்கள்? ஒரு பேர் சொல்லு பாப்பம்."

பேர்தானே, சொல்லிவிடலாம் என்றுதான் பத்மநாதன் தேடினார். யூனியன்வில்லில் இருக்கிற அக்கா? அவளுடைய மகன் கிரேக்கப் பெட்டையைக் கட்டியபோது மண்டபத்தில் முதலில் ஆடியவளே அவள்தான். சித்தப்பாவா? முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சாப்பிட்டோமா என்றே அவருக்கு ஞாபகமில்லை. கோயில் ஆக்கள் வருவார்கள், சாப்பிடுவார்கள், பார்க்கிங்கைக் குறை சொல்லிவிட்டுப் போவார்கள். ரதி தொடக்கத்திலிருந்தே பிள்ளையின் பக்கம். ஸ்காபரோ முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டார், ஒரு கதவிலும் ஆளில்லை. இத்தனை நாளும் தனக்குப் பின்னால் ஒரு சனக்கூட்டம் நிற்கிறது என்று நம்பியிருந்த மனிசன் அந்தப் பாறைமேல் தன்னந்தனியே இருந்தார்.

"நான்தான்" என்றார். "வேறை ஒருத்தரும் இல்லை. நான் மட்டுந்தான்."

 பிறகு கயிறு விறைத்தது. பஸ்ரியன் முடிச்சு முடிச்சாக ஏறி வந்தார். விளிம்பில் பத்மநாதன் நீட்டிய கையைப் பிடிக்காமல், தானே கையூன்றி மேலே வந்து மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினார்.

"என்னட்டைச் சொல்லியாச்சு. இனிப் பிள்ளையிட்டைச் சொல்லு. ஆக்கள் எண்டு சொல்லாதை, நீ எண்டு சொல்லு."

மிச்ச இடுக்கையும் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கோணேஸ்வரன் போர்வையும் சுடுதண்ணீரும் வைத்துக்கொண்டு, எங்கே போய்த் துலைந்தீர்கள் என்று கத்தினார். பத்மநாதன் ஈரச் சட்டையோடு அவரின் போனை வாங்கிக்கொண்டு அப்பால் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

"பிள்ளை, வேண்டாமெண்டு நிண்டது ஆக்கள் இல்லை. நான்தான்."



"அது எனக்குத் தெரியும், அப்பா" என்றாள் துர்க்கா.