விட்டுப்போன பூஜ்யம்

பஸ் டிப்போவில் அவரை எல்லோரும் டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எந்த டிரைவர் எப்போது சாப்பிடப் போகலாம் என்பதையெல்லாம் கணக்குப் போட்டு அட்டவணை தயாரிப்பது அவர் வேலை. கணிதத்தில் பட்டம் வாங்கியவர். கல்லூரியில் பாடம் நடத்தப் போவதாக இளவயதில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்த வேலை கிடைக்கவில்லை, டிப்போ கிடைத்தது. அதைப் பற்றி அவர் புலம்பி யாரும் கேட்டதில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வீட்டில் அவருக்கு ஒரு மாணவி இருந்தாள், அவ்வளவுதான்.

மாணவி என்றால் அவர் மனைவி. கண் மருத்துவமனையில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறவள். லென்ஸுக்குள் போகிற ஒளி ஏன் வளைகிறது என்று ஒருநாள் கேட்கத் தொடங்கினாள். கேள்வி முற்றிப்போய், பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வயதில் தானே ஒரு பல்கலைக்கழகத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கடைக்குப் போய்க் கை நிறையப் பேனா வாங்கி வந்தார்.

முதல் வருடம் முழுவதும் அவர் காட்டில் மழைதான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். எங்காவது மாட்டிக்கொண்டால், "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்பாள். அந்த அழைப்புக்காகவே கூடத்தில் பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்திருப்பார் மனுஷன். ஆனாலும் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருப்பார், கொஞ்சம் கெத்து வேண்டாமா! வந்து பக்கம் நிறைய மடமடவென்று எழுதித் தள்ளுவார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பாடா, எவ்வளவு ஈசியா போட்டுட்டீங்க" என்பாள். டிப்போ கொடுத்த சம்பளத்தில் குடும்பம் ஓடியது. இவர் ஓடியது அந்த ஒரு வாக்கியத்தில்.

இரண்டாம் வருடம் குவான்டம் இயற்பியல் வந்தது. அது அவர் படிக்காத பாடம். கூடவே பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமைதோறும் ஓர் உதவி அறையும் திறந்தார்கள். கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் அதை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். உதவுவதற்கு ஓர் இளம் விரிவுரையாளர் இருப்பார். அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே நம் ஆள் சாக்பீஸ் என்று பட்டம் கட்டிவிட்டார்.

"அவரு பதிலே சொல்ல மாட்டாருங்க," என்றாள் மனைவி. "சாக்பீஸ நம்ம கையில குடுத்துட்டு, நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேப்பாரு."

"பதில் தெரியாதவன் வேற என்ன கேப்பான்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதை வேடிக்கை என்று நினைத்தாள்.

வேடிக்கை இல்லை, பொறாமை. பச்சையாகச் சொல்லிவிடுவோம், இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? மனைவியை அந்த ஆள் வேறு மாதிரி பார்ப்பானோ என்ற சந்தேகமெல்லாம் இவருக்கு இல்லை. இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். "ஏங்க, இங்க வாங்களேன்" நின்றுபோனதுதான் வயிற்றெரிச்சல். மாட்டிக்கொண்டால் இப்போது அவள் ஒரு மூலையில் கேள்விக்குறி போட்டு, "சனிக்கிழமை கேட்டுக்கறேன்" என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறாள். கூடத்தில் பேப்பர் கடைசி வரி விளம்பரம் வரை படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை, மழை வரும் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. உதவி அறையின் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே அவர் மனைவி கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு, எழுதியதை உள்ளங்கையாலேயே அழித்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் கடைசி பெஞ்சில் மோவாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, "இருங்க இருங்க, நானே கண்டுபிடிக்கிறேன்" என்று கையை நீட்டித் தடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தும் விட்டாள். அப்போது அவள் போட்ட கூச்சல் மூடிய கதவையும் தாண்டி வெளியே கேட்டது.

சாப்பாட்டு மேசையில் அந்தச் சத்தத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கீழே இறங்கிப் போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த அவளுடைய ஒப்படைப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமை கொடுக்க வேண்டியது, இறுதி மதிப்பெண்ணில் சேரக்கூடியது. யாரும் கூப்பிடவில்லை, அவராகத்தான் உட்கார்ந்தார். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொரு வரியாகத் தப்பு தேடினார்.

கேள்வி இதுதான். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு பெட்டியில் ஒரு துகள் அடைபட்டிருக்கிறது. அது எந்தெந்த அலை வடிவங்களில் இருக்க முடியும்? அதன் மிகக் குறைந்த ஆற்றல் என்ன? சுவர்களைத் தொடும் இடத்தில் அலை பூஜ்யமாக வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பொருந்தும்படி அலையின் சூத்திரத்தில் போடக்கூடிய எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும் என எழுதியிருந்தாள். அவர் பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தார். அதுவும் பொருந்தியது! நெஞ்சு துள்ளியது.

"ஏம்மா, இங்க வா," என்று இந்தத் தடவை அவர் கூப்பிட்டார். ஈரக் கையோடு வந்தாள்.

"பூஜ்யத்த விட்டுட்டியே."

"அதையும் சேக்கணுமா?"

"போட்டுப் பாரு. இந்தச் சுவத்துலயும் சரியா வருது, அந்தச் சுவத்துலயும் சரியா வருது. அப்ப ஆற்றலும் பூஜ்யத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். உங்க சாக்பீஸ் இதக்கூடப் பாக்கலியா?"

"அவரு இன்னும் இதப் பாக்கவே இல்லங்க. இது நானா போட்டது."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அந்த வரியை அடித்துவிட்டாள். அதன் பிறகு வந்த பகுதிகள் எல்லாம் முதல் விடையைப் பிடித்துத் தொங்குகிறவை. அவற்றையும் அவரே உட்கார்ந்து மாற்றி எழுத வைத்தார். அன்று மத்தியானம் வெளுத்துக் கட்டினார்.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் பக்கத்து மேசை குமாஸ்தா புது அட்டவணையைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் ஒரு வழித்தடத்துக்கு வரிசை மட்டும் இருந்தது. நாள் பூராவும் ஒரு டிரிப் கூட இல்லை.

"என்னய்யா இது?"

"எல்லாம் சரியா இருக்கு சார். வேற எந்த வண்டியோடயும் நேரம் மோதல."

"மோதறதுக்கு அதுல பஸ்ஸே இல்லையேய்யா!" என்று கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். குமாஸ்தா, சாருக்கு உடம்புக்கு என்னவோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூஜ்யத்தைப் போட்டால் சுவர்களில் மட்டுமா, பெட்டி முழுவதும் அலை பூஜ்யம். பெட்டிக்குள் துகளே இல்லை என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாதது எந்த நிபந்தனைக்குத்தான் பொருந்தாது? முழுக்கப் பூஜ்யமாக வருகிற விடையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று முதல் வருடத்தில் அவளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே இவர்தான். ஆத்திரம் அதைக்கூடத் தின்றுவிட்டது.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் வந்தது.

அடுத்த ஒப்படைப்பில் ஒரு கணக்கு. "பூஜ்யத்த நீங்கதானே கண்டுபிடிச்சீங்க, இதையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்றாள். எத்தனை மாதம் கழித்து! முதல் அழைப்பிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமையும் கூப்பிட்டாள். சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே வாரம் ஓடியது. சனிக்கிழமை அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தாள் திரும்பி வந்தது. மேசைமேல் விரித்து வைத்தாள். முதல் பகுதியிலிருந்து கடைசி வரை சிவப்பு. ஓரத்தில் எழுதியிருந்தது: "பெட்டிக்குள் இருந்த துகள் எங்கே? நீங்கள் அடித்துவிட்ட வரிதான் சரி. ஏன் அடித்தீர்கள்?"

"ரெண்டு பேரும் சேந்து வழுக்கிட்டோம்ங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அவன் என்ன சொன்னான்?"

"ஏன் அடிச்சீங்கன்னு கேட்டாரு. பேசாம நின்னேன். எங்க வீட்டுக்காரர் சொன்னாருன்னு எப்படிச் சொல்றது? உங்கள விட்டுக்குடுக்க மனசு வரல."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அது தப்புன்னு. செவ்வாய்க்கிழமையே தெரியும்."

அவள் மனதுக்குள் கிழமைகளை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. "நான் சனிக்கிழமைதானே குடுத்தேன்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ மறுபடியும் கூப்பிட ஆரம்பிச்சிருந்தே."

அவள் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்கு இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவரு சொன்னா நான் சரிபாப்பேன். புத்தகத்துல இருந்தாலும் சரிபாப்பேன்," என்றாள். "நீங்க போட்ட கணக்க மட்டும் நான் இதுவரைக்கும் சரிபாத்ததே இல்ல."

பிறகு, புதன்கிழமை அவர் போட்டுக்கொடுத்த கணக்கை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். முதல் வரியின் அடியில் ஸ்கேலை வைத்தாள். படித்து, வேறு தாளில் தானே போட்டுப் பார்த்து, ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள்.