வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள்

எங்கள் பக்கத்தில் எந்தக் காயமும் நடந்ததை நடந்தபடி சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அரிவாள் பட்டவன் தேங்காய் வெட்டும்போது கை தவறிவிட்டது என்பான். பங்காளியிடம் தடியடி வாங்கியவன் வண்டியிலிருந்து விழுந்தேன் என்பான். புருஷன் அடித்த பெண் வழுக்கி விழுந்தேன் என்பாள். உள்ளதைச் சொன்னால் டாக்டர் போலீசுக்கு எழுதி அனுப்புவார், அப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டு என்று நடையாய் நடக்கவேண்டும். அதனால் காயம் பட்டவர் வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் ஒரு கதையைச் சொல்லி முடித்துவிடுவார். இதெல்லாம் ஊரறிந்ததுதான். என் காயத்துக்கும் ஒருநாள் அப்படியொரு கதை கட்டுவார்கள், அதை என் வயிற்றில் பிறந்தவனே கட்டுவான் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

செலியமேட்டில் எனக்குக் கரும்புக் கொல்லை இருக்கிறது. வீட்டுக்காரர் போன பிறகு அது என் பெயருக்கு வந்தது. அதுவரை கைநாட்டுதான் வைத்துக்கொண்டிருந்தேன். நிலம் என் பெயருக்கு வந்ததும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். குத்தகைக்கு விடச் சொன்னார்கள், விடவில்லை. உரம் போட்ட நாள், தண்ணீர் விட்ட நாள், வெட்டு எப்போது என்பதெல்லாம் என் வாயிலிருந்துதான் வரும்.

பக்கத்துக் கொல்லை என் கொழுந்தனுடையது. நான் வாழ வந்தபோது அவன் அரைக்கால் ட்ரவுசர் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுக நின்றவன். அவனுக்குத் தலை வாரிவிட்டதும் நான்தான். கரிக்கலாம்பாக்கம் பக்கமெல்லாம் நெல்லை விட்டுவிட்டு மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நடுகிறார்கள் அல்லவா, அதைப் பார்த்து அவனும் தன் கொல்லையை மனைக்கட்டாக அடித்துவிட்டான். ஆனால் அவன் மனைக்குத் தார் ரோட்டிலிருந்து வழி கிடையாது. வழி வேண்டுமென்றால் என் கரும்பைக் கிழித்துக்கொண்டுதான் போகவேண்டும். என்னைக் கேட்டான். முடியாது என்றேன். அதோடு அந்தப் பேச்சு தீர்ந்தது என்றுதான் இருந்தேன்.

அன்றைக்கு வெட்டு முடியும் நாள். சோரியாங்குப்பத்துப் பெண்கள் கட்டுகளைத் தூக்கி டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கரும்பைத் தரையோடு ஒட்ட வெட்டவேண்டும், அடிக்கரும்பில்தான் சர்க்கரை. வந்த ஆட்கள் அவசரத்தில் ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தார்கள். கத்தியைச் சாய்த்து வீசுவதால் ஒவ்வொரு கட்டையும் சீவிய முளைக்குச்சி மாதிரி கூராக நின்றது. அதற்காகக் காலையிலேயே அவர்களை ஏசியிருந்தேன். அந்த நேரத்தில்தான் ஒரு ஜேசிபி வரப்பை இடித்துக்கொண்டு என் கொல்லைக்குள் இறங்கியது. பின்னாலேயே கொழுந்தன் நடந்து வந்தான். நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

“இன்னாடா இது? யாரக் கேட்டு வண்டிய எறக்கின?”

“வழிக்குத்தான் அண்ணி. ஒரு ஓரமா.”

“ஓரமா? நடுக்கொல்லையில நிக்குது, ஓரங்கற. கண்ணு இன்னா உனக்குப் பொடனியிலயா இருக்குது?”

கட்டுத் தூக்கிய பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது.

“உன் புள்ளயக் கேட்டுத்தான் எறக்கினேன். அவந்தான் சரின்னான். போய் வூட்ல கேளு.”

“என் புள்ள அப்படிச் சொல்ல மாட்டான்.”

“பேசி முடிச்சி எத்தினி நாளாச்சி, உனக்குத்தான் தெரியல. நவுரு அண்ணி.”

நவுரு என்று சொல்லிக்கொண்டே தோளில் கை வைத்துத் தள்ளினான். விழட்டும் என்று தள்ளினானா, விலகட்டும் என்று தள்ளினானா, அது அவனுக்குத்தான் தெரியும். நான் மல்லாந்து கட்டைகள் மேல் விழுந்தேன். இடது பக்கம் விலாவுக்குக் கீழே யாரோ முட்டியால் ஓங்கிக் குத்தியது போல இருந்தது. வலி உடனே வரவில்லை. சூடாக ஏதோ ஒன்று உள்ளே இறங்கியது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு பெண் ஓடிவந்து தூக்கினாள். ரவிக்கைக்குக் கீழே பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லக்கா, கொஞ்சந்தான் ரத்தம்” என்றாள். காயத்தின் வாய் ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லை. நான் காயத்தைப் பார்க்கவில்லை, கட்டையைப் பார்த்தேன். சுற்றி இருந்த கட்டைகளெல்லாம் கூராக நிற்க, நான் விழுந்த இடத்தில் இருந்தது மட்டும் முறிந்து, நார் பிரிந்து, மொண்ணையாக நின்றது. நுனியைத் தரையில் தேடினேன். இல்லை.

எங்கள் மாமனார் காலத்தில் மாட்டுப் பொங்கலன்று ஏரோட்டி ஒருவரை மாடு முட்டிவிட்டது. கொம்பு பட்ட இடம் சின்னதுதான். அவர் எழுந்து துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, மாட்டையும் திட்டி, டீயும் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீட்டில் அழுகுரல் கேட்டது. ‘குத்துன காயத்துக்கு வாய்தான் சிறுசு, வயிறு பெருசு’ என்று அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அது என் நினைப்பில் வந்து நின்றது.

யாரோ போன் பண்ணி என் மகன் பைக்கில் வந்தான். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தான். “நீயாடா எறக்கச் சொன்ன?” என்று கேட்டேன். “மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, அப்பறம் பேசிக்கலாம்” என்றான். இல்லை என்று அவன் சொல்லவில்லை. அது அப்போது என் மனதில் ஏறவில்லை. முகம் துடைத்த அவன் கை அவ்வளவு பதமாக இருந்தது.

பக்கத்திலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். “எப்படிம்மா ஆச்சு?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மகன் குரல் வந்தது.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க சார். கொழா முன கீறிடுச்சி.”

“இல்ல சார். கரும்புக் கட்ட குத்திடுச்சி. நுனி முறிஞ்சி உள்ள நின்னுபோச்சி. என் கொழுந்தன் தள்ளிட்டான்.”

எனக்கு எதிரே மருந்து பீரோ இருந்தது. அதன் கண்ணாடியில் பின்னால் நின்ற மகன் தெரிந்தான். டாக்டரைப் பார்த்து நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் விரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். கூடவே லேசாக ஒரு சிரிப்பு.

“வயசாயிடுச்சி சார். எப்பவும் கரும்புக்கொல்ல நெனப்புதான். செத்துப்போன எங்கப்பா வந்துட்டுப் போனாருன்னுகூடச் சொல்லுவாங்க.”

கட்டை குத்தியபோது தெரியாத வலி எனக்கு அங்கே தெரிந்தது. கொழுந்தன் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த ஒரு விரலில் விளங்கிவிட்டது. அதற்கப்புறம் டாக்டர் பேசியது வேறு குரல். சத்தமாக, குழந்தையிடம் பேசுவது போல, “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்றார். அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். பெற்ற பிள்ளையே சொல்கிறான், அவர் யாரை நம்புவார்? எதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்றுகூடக் கேட்டார். “அவ்ளோலாம் வேணாம் சார், கீறல்தான்” என்றான் மகன். வயிறு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே கூட்டி வரச் சொல்லி, மேல்தோலைத் தைத்து, ஊசி போட்டு அனுப்பினார்.

வீட்டில் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கேஸுன்னு போனா எல்லாம் நின்னுடும்மா. மனைய வாங்க வந்தவன் ஓடிடுவான். சித்தப்பா பாவம். நானும் வாக்கு குடுத்துட்டேன்.”

“என் நெலத்துக்கு நீ இன்னாடா வாக்கு குடுக்கறது?”

“நாளைக்கு எனக்குத்தான வரப்போவுது.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் இருக்கலாமில்ல.”

அவன் எழுந்துகொண்டான். சோடா வாங்கி வந்து வைத்துவிட்டு, சித்தப்பாவைப் பார்க்க வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் ஆக ஆக உடம்பு எனக்குக் கட்டுப்படவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு குடித்தாலும் தாகம், குடித்தால் குமட்டல். கை கால் சில்லிட்டது, நெற்றியில் வேர்த்தது. குத்தியது விலாவில், வலியோ இடது தோளின் உச்சியில் வந்து உட்கார்ந்துகொண்டது, படுத்தால் அதிகமாகியது. மூச்சு பாதியிலேயே திரும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனேன், சிறுநீர் செம்பருத்தி அலசிய தண்ணீர் மாதிரி போனது. ஆனால் காயத்தின் மேல் போட்ட கட்டு காய்ந்தே இருந்தது, ஒரு பொட்டு ரத்தமில்லை. யார் பார்த்தாலும் நான் நன்றாக இருப்பதாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

பொழுது சாய்வதற்கு முன்னே மருமகள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினாள். எனக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. உப்புப் போட்டாச்சா, அடுப்பை அணைச்சாச்சா என்ற அளவில்தான் பேச்சு. பையை மாட்டக்கூட இல்லை, வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாத்த, மூஞ்சி வெளுத்துபோய் இருக்குது?”

கிட்டே வந்து என் விரல்களைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். பலகை மாதிரி விறைத்திருந்தது. அவள் அழுத்தியதும் கையைத் தட்டிவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சொல்லும்போது அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த விரல் எழும்புமா என்று. எழும்பவில்லை.

“நுனி எங்க அத்த?”

“உள்ளதான்.”

“இத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். உன் வூட்டுக்காரன் எனக்குப் புத்தி தடுமாறிப்போச்சின்னு சொல்லிட்டான்.”

அவள் பையைக் கீழே வைத்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்கா? போன ஆடியில நான் ஒடச்ச டம்ளர இன்னும் சொல்லிக் காட்டறீங்க. உங்களுக்கு மறதின்னா யாரு நம்புவா?”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் வலி உயிர் போயிற்று.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தபோதுதான் மகனும் வந்தான். “யாரக் கேட்டுடி கூப்ட்ட?” என்றான். “கேக்கறதுக்கு நீங்க வூட்ல இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் என்னோடு ஏறிக்கொண்டாள். சோடா பாட்டிலை என் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்துவிட்டு, இனிமேல் எதுவும் குடிக்கக்கூடாது என்று அதில் வந்தவர் சொன்னார்.

டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கேயும் எப்படி ஆச்சு என்றுதான் முதலில் கேட்டார்கள். எனக்குப் பேச மூச்சில்லை. மருமகள் சொன்னாள்: “கரும்புக் கட்ட குத்தியிருக்குது. நுனி உள்ள இருக்குதாம். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.” அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டமும் நடையுமாக நடந்தது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், உள்ளே கொண்டுபோனார்கள்.

கண் விழித்தபோது பெரிய டாக்டரம்மா ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினார். உள்ளே விரல்கணு நீளத்துக்குக் கரும்புச் சக்கை கிடந்தது. அது மண்ணீரலைக் கிழித்து, சிறுநீரகத்தின் ஓரத்தையும் உரசியிருந்ததாம். வெளியே வரவேண்டிய ரத்தம் வழியில்லாமல் வயிற்றுக்குள் தேங்கி, மேலே போய் மூச்சுத் தசையைத் தொட்டால் தோள் வலிக்குமாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் ஏரோட்டியை நினைத்துக்கொண்டேன்.

கான்ஸ்டபிள் வந்தார். என் மகன் கட்டில் கால்மாட்டில் நின்றான். சின்ன வயசில் ஏதாவது உடைத்துவிட்டு, அப்பாவிடம் சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சுவான். அதே பார்வை. நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். “எனக்குப் புத்தி சரியா இருக்குதான்னு மொதல்ல நீங்க பாத்துச் சொல்லுங்க. அப்பறமா நான் பேசறேன்” என்றேன். அவர் ஊர், கிழமை, வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டார். சொன்னேன். கொல்லையில் எந்தப் பட்டத்தில் நட்டது, என்ன கரும்பு என்று அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். “பாட்டி நல்ல தெளிவா இருக்காங்க” என்று அவர் கான்ஸ்டபிளிடம் சொன்னார். அதை என் மகன் நின்று கேட்டான். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கொழுந்தன் தள்ளியதைச் சொன்னேன். “பையன் இன்னா சொன்னாரு?” என்றார் கான்ஸ்டபிள்.

“எனக்குப் பைத்தியம்னு சொன்னான். அதையும் எழுதிக்குங்க.”

“எம்மா...” என்றான் மகன். 

முதன்முதலாகத் தண்ணீர் குடிக்கலாம் என்று நர்ஸ் சொன்ன அன்று, அவன் கரண்டியில் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினான். கரண்டியை நானே வாங்கிக் குடித்தேன்.

நிலம் என் பெயரிலேயே இருக்கிறது. ஜேசிபி உழப்பிய இடம் போக மற்றக் கட்டைகளில் மறுதாம்பு கிளம்பி இடுப்பு உயரம் வந்துவிட்டது. இந்தத் தடவை தரையோடு ஒட்ட வெட்டவேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். மகன் இதே வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்கிறேன், மாத்திரை போட்டாயா என்றால் போட்டேன் என்கிறேன். அவன் எனக்குப் பின்பக்கமாக வந்து நின்றால் மட்டும், எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு, அவனைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.