விடு என்றதும் பறந்த மினி பைக்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் செகந்திராபாத்துக்கு வடக்கே போலாரத்தில் குடியிருந்தோம். ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் மனைவியின் தம்பி அங்கேயே ஃபிட்டர். அவன், யாரோ கழித்துப் போட்ட ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றை வாங்கி, ஒன்பது வயதான என் மகளுக்காக முழங்கால் உயரத்தில் ஒரு மினி பைக் செய்தான். வண்டிதான் குட்டி. எஞ்சின் இரண்டு பெரிய ஆட்களை இழுக்கும்.

பழைய பங்களாக்களுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. குளிர்கால ஞாயிறு காலை. பனி தரையோடு படுத்திருந்தது. மைத்துனன் வண்டியை உதைத்ததும் நீலப் புகை அதில் கலந்து, எது புகை, எது பனி என்றே தெரியவில்லை. மகள் மெல்லத்தான் போனாள். கனவில் யாரோ போவதுபோல் இருந்தது. ஒரு குழியில் வண்டி குதித்தது. பயத்தில் ஆக்ஸிலேட்டரை இறுக்கித் திருகிவிட்டாள். வண்டி சீறிப் பாய்ந்தது. எதிரே கல் சுவர்.

"விடு! விடு!" என்று கத்திக்கொண்டு மைத்துனன் ஓடினான். அவள் இன்னும் திருகினாள். என் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. பிறந்ததிலிருந்து நான் சத்தம் போட்டுப் பேசியவனில்லை.

சுவருக்கு முன்னால் மாட்டுக்கு அறுத்த புல் குவிந்திருந்தது. அதில் போய் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். வண்டி பக்கத்தில் படுத்தபடி, சக்கரம் சுழல உறுமிக்கொண்டே இருந்தது.

"விடுன்னா கைய விட மாட்டியா?" மைத்துனன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கத்தினான்.

"விட்டேன் கதா மாமா! 'வண்டிய விடு, பயப்படாம விடு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அழுதாள்.

பள்ளியில் தெலுங்கும் இந்தியும் பேசுகிறவள்; 'இல்லையா' என்பதற்குத் தெலுங்குக் 'கதா'தான் வாயில் வரும். 'பஸ் விடறான்', 'ஸ்கூட்டர் விடறான்' என்று வீட்டில் கேட்டுக் கேட்டு, விடு என்றால் ஓட்டு என்றே அவள் மனதில் பதிந்திருந்தது.

"தம்பின்னு பார்க்க மாட்டேன்டா. இன்னொரு தரம் இவள அதுல ஏத்தினே, உன்னையும் சேர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்" என்றாள் என் மனைவி. எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் மகள் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "பைக்கத் தூக்கிப் போட்டுடாதீங்கப்பா" என்றாள்.

மைத்துனன் பைக்கை மறுபடி பிரித்தான். ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் திரும்பாதபடி ஒரு திருகாணி. கையை எடுத்தால் தானே பின்னுக்குப் போக வலுவான ஸ்பிரிங். செயினுக்குத் தகர மூடி. அப்புறம் மணிக்கட்டில் கட்ட ஒரு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு ஒரு சின்னச் சாவியை இழுத்து எஞ்சினை அணைத்துவிடும். பெரிய ஹெல்மெட்டுக்குள் மனைவியே, முணுமுணுத்துக்கொண்டே, பழைய புடவையை மடித்துத் தைத்தாள்.

மிஞ்சியது, நிறுத்தச் சொல்ல ஒரு சொல்தான். பயந்த பிள்ளைக்குச் சட்டென்று புரிய வேண்டும்.

"நிறுத்துங்கறதுக்குத் தெலுங்குல ஆப்புன்னு சொல்லலாமா?" என்றேன்.

"வேணாம் மாமா. அதைக் கேட்டா எனக்கு எவனோ ஆப்பு வைக்கிற மாதிரியே இருக்கு" என்றான் மைத்துனன்.

மகள்தான் சொன்னாள்: "நக்கோ."

வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பிள்ளைகள், எந்த வீட்டுப் பிள்ளையானாலும், சொல்கிற சொல். நக்கோ என்றால் கையைத் திறக்க வேண்டும். வீட்டிலேயே பழக்கினோம். மனைவி அடுப்படியிலிருந்து திடீரென்று "நக்கோ!" என்பாள். மகள் கையிலிருந்த தோசை தரையில் விழும். "தோசைய எடுத்துத் தின்னுடி" என்று சிரிப்பாள்.

மறுபடி ஒரு ஞாயிறு. சுவர்ப் பக்கம் நிற்க ஆள் வேண்டும். மைத்துனன் வண்டியோடு ஓட வேண்டியிருந்ததால் நான்தான் நின்றேன். சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். பனிக்குள் எஞ்சின் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் வெள்ளையில் சின்ன நிழலாக அவள். அதே நேரம் வலப்பக்கத்துப் பனியிலிருந்து ஓர் எருமை, அவசரமே இல்லாமல், அவள் பாதைக்குள் நடந்து வந்தது.

"நக்கோ!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. அவள் கை பூப்போல விரிந்தது. வண்டி முனகி, மெதுவாகி, மணலில் சக்கரம் பதிந்து நின்றது. எருமை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மகள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரித்தாள். "அப்பா, நீங்களா கத்தினீங்க?"

இன்றும் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு எழாது. ஆனால் பயத்தில் மூடியிருந்த ஒரு சின்னக் கையை என் குரல் திறந்தது என்று நினைக்கும்போது, நானும் இந்த உலகத்தில் ஒருமுறை சரியாகப் பேசியிருக்கிறேன் என்று மனம் லேசாகிறது.

ஒருவழியாக இதை எழுதி முடித்தது 1989 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.