இன்னொரு படம் கேட்டேன்

இருட்டறையிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட அந்த எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடியது இன்றும் என் கைகளுக்கு நினைவிருக்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தேன். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் எங்கள் பக்கத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. பித்தக்குழாயில் கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் குழாய்க்குள் செலுத்தி, ஆபரேஷனுக்கு நடுவிலேயே ஒரு படம் எடுக்கவேண்டும்.

அன்று மேசையில் கிடந்தவர் தளவாய்புரத்தில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண். படம் எடுத்த நொடியில் அவர் நெஞ்சு ஏறி இறங்கியதில், குழாயின் கீழ்முனை கலங்கலாக விழுந்திருந்தது. “சார், கீழ்ப்பக்கம் ஆடிப்போச்சு. மூச்சை நிறுத்திவச்சு இன்னொரு படம் எடுப்போம்” என்றேன். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு, “இது போதும்மா” என்றார். அவர் அருகில் நின்ற தியேட்டர் சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருஷமாக நான் அக்கா என்று கூப்பிட்டவர். என் பிரசவத்தின்போது தலைமாட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டவர்.

பத்து நாளில் அந்தப் பெண் கண்ணெல்லாம் மஞ்சளாகித் திரும்பி வந்தார். படம் கலங்கியிருந்த அதே இடத்தில் கல். மதுரைக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள், உயிர் பிழைத்தார். அவருடைய கணவர் நியாயம் கேட்டு வந்தபோது நிர்வாகி எங்களை அறைக்கு அழைத்தார். “படம் தெளிவா இருக்குன்னு டெக்னீஷியன்தான் சொல்லுச்சு” என்றார் டாக்டர்.

எனக்குப் பயமே இல்லை. அக்கா இருந்தாரே.

“அக்கா, இன்னொரு படம் எடுப்போம்னு நான் கேட்டேன்ல?”

அவர் தரையைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் காதுல விழலை சார்.”

அந்தக் கணவர் என் பக்கம் திரும்பி, “உங்களை நம்பித்தானம்மா படுக்கப் போட்டோம்” என்றார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றோடு என் வேலை போனது. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வழக்கம்போல் எனக்கு இடம்போட்டு வைத்திருந்தார் அக்கா. நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் கையைத் தொட்டு, “ஏட்டி, நீ சின்னவ. எங்க போனாலும் உனக்கு வேலை கிடைக்கும். என்னைய யாரு சேத்துக்கிடுவா?” என்றார். நான் கையை விலக்கிக்கொண்டேன்.

அவர் சொன்னது பலித்தது. மறுமாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் சேர்ந்தேன். இப்போதெல்லாம் ஆபரேஷன் தியேட்டரிலேயே எக்ஸ்ரே திரை இருக்கிறதாம். குழாயில் மருந்து இறங்குவதை எல்லோரும் நின்று பார்க்கலாமாம். டாக்டர்மேல் இருந்தது வெறும் கோபம். சில வருஷங்களில் அது ஆறிப்போனது. அக்காமேல் இருந்தது அப்படி ஆறவில்லை. எனக்கு வேறு வேலை கிடைக்குமா என்பதுவரை யோசித்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் வந்திருக்கிறார். தளவாய்புரத்தில் ஒரு வீட்டில், படத்தைச் சரியாகப் பார்க்காத பொம்பளை என்றுதான் இன்றைக்கும் என்னைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.