ஒரே பிரதி

கணபதி பகுதியில் ஒரு பைண்டிங் கடையைக் கடக்கும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை வந்தது. இன்று வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட பழைய வக்கீல் சங்க நூலகத்தில், நூலகரான அம்மா தீர்ப்புத் தொகுதிகளின் கிழிந்த முதுகுகளை ஒட்டிக்கொண்டிருக்க, மின்விசிறியின் கடகடப்பைக் கேட்டபடி நான் உட்கார்ந்திருந்த தொண்ணூறுகளின் விடுமுறைக் காலைகள் எல்லாம் அந்த வாசனையில்தான் இருக்கின்றன.

எந்தத் தொகுதியும் அங்கே ஒரு பிரதிதான் என்பதால், எதிர்த்தரப்புக்குக் கிடைக்காதபடி அதை முந்திக்கொண்டு எடுத்துப்போய்விடுவது சில வக்கீல்களின் வழக்கம். ஒருநாள் பெரிய வக்கீல் ஒருவர் கறுப்புக் கவுனுக்குள் தொகுதியை மறைத்துக்கொண்டு கிளம்ப, அம்மா பசைக் கையோடு வாசலை மறித்து நின்றாள்.

“அம்மணி, மத்தியானம் கொண்டாந்து குடுத்துப்போடறனுங்க.”

“எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இதேதானுங்க வேணும். இங்கயே உக்காந்து படிங்க.”

அவர் முறைத்தார். அம்மா நகரவில்லை. கடைசியில் அவரும், அதே தொகுதிக்காகக் காத்திருந்த எதிர்த்தரப்பு வக்கீலும் ஒரே மேசையில் தோளுரச உட்கார்ந்தார்கள். பெரியவர் வேண்டுமென்றே பக்கத்தைச் சட்டெனத் திருப்பப் போக, அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“அவருங்கூடப் படிச்சாச்சான்னு கேட்டுட்டுத் திருப்புங்க.”

கோர்ட்டையே அதிரவைக்கும் அந்தக் குரல், பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டது: “படிச்சாச்சுங்களா?”